ஸ்காபரோவில் அவரை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: டொரன்டோவின் ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு, ஊர் அவரை விதையை மே கடைசியில் ஊன்றினேன். கொடி வேலி தாண்டி அயல் வீட்டுக்கும் போய்விட்டது. மூன்று தரம் கோழி எரு போட்டும் செப்டம்பர் நடுப்பகுதி வரை ஒரு பூக்கூட இல்லை. பிறகு பூத்தது, பிஞ்சு முற்ற முன்னமே உறைபனியில் கருகிவிட்டது. என்ன பிழை விட்டேன்?

பதில்: குளிர்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் கொடிக்கு வெளிச்சம் கூடிப்போனதுதான் சிக்கல்.

ஊர் அவரை குறும்பகல் செடி. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். ஆடியில் ஊன்றிய கொடி மார்கழி, தையில் காய்ப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குத்தான். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணித்தியாலத்தை எட்டாது. டொரன்டோவில் ஜூன் 21 அன்று பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணித்தியாலம். விடியலுக்கு முன்னும் பொழுது பட்ட பின்னும் இருக்கும் மங்கலான வெளிச்சத்தையும் செடி பகலாகவே எடுத்துக்கொள்ளும். இங்கே பகலும் இரவும் சமமாக செப்டம்பர் கடைசியாகிவிடும், அக்டோபரில் உறைபனி. இடையில் கிடைக்கிற சில கிழமை எந்தக் காய்க்குப் போதும்?

கோழி எருவை நிறுத்துங்கள். வேர் முடிச்சில் வாழும் பக்டீரியாவின் துணையோடு அவரை தனக்கு வேண்டிய நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும். மேலதிகமாகக் கொடுத்தால் இலைதான் தழைக்கும், அயல் வீட்டாருக்கு நிழல்.

வரும் வருடம் விதையை மாற்றுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை; பந்தலும் வேண்டாம். தருவிப்பதானால் கனேடிய உணவு ஆய்வு முகமையின் இறக்குமதி விதிகளை முதலில் பாருங்கள். அந்த அலைச்சலுக்கு நேரமில்லையா, விதைக் கடையில் பூச்செடிப் பக்கம் தேடுங்கள். 'ரூபி மூன்' என்று ஓர் ஊதா அவரையை அழகுக் கொடியாக விற்பார்கள். நம் அவரை இனமேதான், ஆனால் கோடையிலேயே பூக்கும். இளம் பிஞ்சைச் சமைக்கலாம். முற்றிய விதையில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருப்பதால், தண்ணீரை மாற்றி மாற்றி நன்றாக அவிக்காமல் அதை உண்ணக்கூடாது.

எந்த விதையானாலும் ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் ஊன்றிவிடுங்கள். பழைய பத்திரிகைத் தாளைக் கோப்பையாகச் சுருட்டி, ஒன்றில் ஒரு விதை, தெற்கு யன்னலில். வேர் குழம்பினால் அவரை சோர்ந்துபோகும். தாளோடு சேர்த்தே நடலாம், மண்ணில் உக்கிவிடும். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாளுக்குப் பிறகு ஒரு கிழமை பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கி, இரவிலும் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காத நாள் பார்த்து நடுங்கள்.

இல்லை, ஊர் விதைதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஒரேயொரு செடியைப் பெரிய சாடியில் நுனி கிள்ளிக் கிள்ளி வளருங்கள். ஜூலை நடுப்பகுதியிலிருந்து மாலை ஆறு மணிக்கு வெளிச்சம் புகாத பெட்டியால் மூடி, காலை எட்டுக்குத் திறக்கவேண்டும். மொட்டுத் தெளிவாகத் தெரியும்வரை ஒருநாளும் தவறக்கூடாது. பெட்டிக்குள் சிறு கீறல் வெளிச்சம் போனாலும் பாடு வீண். பந்தலில் வளர்ப்பவர்களும் பின்கதவு விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். சில வீடுகளில் விளக்குப் பக்கத்துக் கொடி மட்டும் பூக்காமல் நிற்பது அதனால்தான்.