பிரான்சில் குறியியல் மாஸ்டர்: விளம்பரம் புரியாதவர் ஆய்வேடு எழுத முடியுமா?

தம்பி, ஊரில் விஸ்காம் முடித்துவிட்டு, இங்கே தகவல்-தொடர்பியல் மாஸ்டர் முதலாண்டில் சேர்ந்திருக்கிறீர்கள். வகுப்பில் ஒரு விளம்பரத்தைத் திரையில் போட்டதும் பிரெஞ்சு மாணவர்கள் சிரிக்கிறார்கள், உங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த நிலையில் குறியியலில், அதாவது படமும் சொல்லும் நிறமும் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறையில், ஆய்வேடு எழுத முடியுமா, எழுதினாலும் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே படிப்பை இங்கே முடித்து இங்கேயே தங்கிவிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். பிடிபடாத அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் ஒரு கட்டுரையைப் படித்துவிடுங்கள். பிரெஞ்சுக் குறியியல் அறிஞர் ரோலான் பார்த் 1964இல் 'கொம்யூனிகாசியோன்' ஆய்விதழின் 4ஆம் இதழில் விளம்பரப் படம் பற்றி எழுதியது. பிரெஞ்சு ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெர்செ (Persée) இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பன்சானி என்ற பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். வலைப்பை ஒன்றிலிருந்து பாஸ்தா பொட்டலங்கள், தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் சரிந்து கிடக்கின்றன. மஞ்சள், பச்சை, சிவப்பு. பார்த்தவுடன் இத்தாலி மனதுக்கு வருகிறது. இதைச் சொல்லிவிட்டு பார்த் அங்கேயே நிற்கவில்லை. இத்தாலியை அந்தப் படத்தில் காண்பது பிரெஞ்சுக்காரருக்கே உரிய அறிவு, தக்காளியிலும் குடைமிளகாயிலும் இருக்கும் 'இத்தாலித்தனம்' இத்தாலியர் கண்ணுக்குத் தெரிவது அரிது என்கிறார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பார்ப்பவர் தன்னோடு கொண்டுவரும் அறிவைச் சேர்த்தால்தான் படம் பேசுகிறது. உங்கள் வகுப்புத் தோழர்கள் எந்த அறிவைக் கொண்டுவந்ததால் சிரித்தார்கள் என்பதை எழுதிக் காட்டுவதுதான் ஆய்வு. அவர்களுக்கு அது மூச்சுவிடுவது போல இயல்பாகிவிட்டது, எழுத உட்கார்ந்தால் கண்ணில் படாது. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர், அதனால் ஒவ்வொரு படியும் உங்கள் தாளில் இருக்கும்.

செய்முறை இதுதான். படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் எழுதுங்கள்: நிறம், எழுத்துரு, யார் எங்கே நிற்கிறார், பார்வை எங்கே போகிறது. 'அழகான', 'ஏக்கமான' போன்ற சொற்கள் இப்போதைக்கு வேண்டாம். பிறகு இரண்டு மூன்று பேரிடம் காட்டி அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நீலத்தைப் பழுப்பாக்கினால்? கையெழுத்து போன்ற எழுத்துருவுக்குப் பதில் அச்செழுத்து வைத்தால்? பொருள் மாறினால் அங்கே ஒரு குறி இருக்கிறது, மாறாவிட்டால் அது வெறும் அலங்காரம். நல்ல பேராசிரியர்கள் மதிப்பெண் போடுவது இந்தப் படிக்குத்தான். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்பதற்கு ஒன்றும் கிடைக்காது.

ஊர் விளம்பரங்களையே ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழக்கமானது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். ஒரே பொருளுக்கு ஒரே நிறுவனம் இந்தியாவிலும் பிரான்சிலும் வெளியிட்ட விளம்பரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றிப் பார்க்கும் சோதனையை அந்த நிறுவனமே உங்களுக்காகச் செய்து வைத்திருக்கும், இரண்டு பக்கமும் படிக்கக்கூடியவராக நீங்கள் இருப்பீர்கள். எத்தனை விளம்பரம், எந்த ஆண்டுகள், ஏன் இவை என்பதை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் தளர்வாக இருந்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இன்னொன்று. தொல்காப்பியத்தின் முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்கே உள்ளவை), உரி (அதற்குரிய உணர்ச்சி) உங்களுக்கு நினைவுக்கு வரும், வரத்தான் வேண்டும். நெய்தல் நிலத்துப் பறவை ஒன்றைச் சொன்னதுமே இரங்கலை உணரும் மரபு நம்முடையது. 'நாங்கள் முன்பே சொல்லிவிட்டோம்' என்று எழுதினால் அது பெருமை, அதோடு முடிந்துவிடும். ஒரு விளம்பரத்தில் நிலக்காட்சி உணர்ச்சியை எப்படிக் கட்டுகிறது என்று விளக்க அதைக் கருவியாக்கினால், அது பிரெஞ்சுப் பேராசிரியருக்கும் புதிய விஷயம். மனதார ஆசைப்படுகிறேன், யாராவது இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள். இங்கே 20க்கு 10 தேர்ச்சி, 14 நன்று, 16 மிக நன்று. 12 வாங்கியவர் தோற்றவர் இல்லை.

வேலையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 'குறியியலாளர்' என்ற பெயரிலேயே வரும் வேலைகள் குறைவு. சந்தை ஆய்வு, பிராண்ட் உத்தி, செயலி வடிவமைப்பு ஆகியவற்றில்தான் இந்தப் படிப்புக்கு இடம் இருக்கிறது. ழான்-மரி ஃப்ளோக் என்ற பிரெஞ்சுக் குறியியலாளர் பாரிஸ் மெட்ரோ பயணிகளைக் கூடவே பின்தொடர்ந்து கவனித்து, அவர்கள் நடக்கும் விதத்தை வைத்தே நான்கு வகையாகப் பிரித்தார். 1990இல் அது அவருடைய நூலில் வந்தது. நிறுவனங்கள் எதற்குக் காசு கொடுக்கும் என்று தெரிந்துகொள்ள அதைப் படியுங்கள். அதோடு எழுத்துப் பிரெஞ்சு. மொழித் தேர்வின் பி2 நிலை படிக்கப் போதும், ஆலோசனை நிறுவனத்துக்கு அறிக்கை எழுதப் போதாது. இந்த ஆண்டே யாரிடமாவது திருத்தி வாங்கிப் பழகுங்கள்.

இரண்டாம் ஆண்டு ஸ்தாஜுக்கு (நிறுவனத்தில் செய்யும் வேலைப் பயிற்சி) அக்டோபரிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். பல்கலைக்கழகம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் எங்கும் சேராதீர்கள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஸ்தாஜுக்கு ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும், 2025இல் குறைந்தபட்சம் மணிக்கு 4.35 யூரோ. பகுதிநேர வேலை செய்தால் மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் என்பதைக் கணக்கில் வையுங்கள். விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆய்வேட்டு வழிகாட்டிப் பேராசிரியருக்கு எழுதும்போது தலைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு படங்களையும், அவற்றில் நீங்கள் செய்து பார்த்த ஒரு மாற்றத்தையும், அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியையும் சேர்த்து ஒரே பக்கமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் வேண்டுமானால் எனக்குக் காட்டுங்கள், பிரெஞ்சைப் பார்த்துத் தருகிறேன்.