பழைய மஸில் கார் வாங்கும் முன்: கேளுங்கள், சொல்கிறேன்

1960களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் வந்த கார்கள், அதாவது நடுத்தர உடம்பில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைத் திணித்த ரகம், அவற்றைப் பற்றித்தான் பேச்சு. நான்கு வாங்கி மூன்றை விற்றிருக்கிறேன், முதலாவதில் நன்றாக ஏமாந்தேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதலில் இன்ஜினைத்தானே பார்க்க வேண்டும்?

எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், விற்பவருக்கும் அது தெரியும். பானெட்டைத் திறந்தால் குரோம் பளபளக்கும், ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டுவார், நம் மனசு அங்கேயே விழுந்துவிடும். ஆனால் இந்தக் காரில் சரி செய்ய எளிதானது இன்ஜின்தான், பாகமும் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். துருப்பிடித்த உடம்பைச் சரி செய்வதுதான் பணத்தையும் வருஷத்தையும் விழுங்கும். அதனால் முதலில் படுத்து அடியைப் பாருங்கள், பானெட் கடைசியில்.

கேள்வி: பெயிண்ட் புதுசாக இருக்கிறது, அடியில் துரு இருந்தால் எப்படித் தெரியும்?

ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். பின்சக்கரத்தின் மேல் வளைவு, கதவுகளின் கீழ் ஓரம், பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். தகடு என்றால் கப்பென்று பிடிக்கும், பட்டி தடவியிருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே வரும். வினைல் கூரை போட்ட காராக இருந்தால் அதன் ஓரத்தை விரலால் அழுத்துங்கள், உள்ளே மொறுமொறுவென்று கொப்புளம் தட்டுப்பட்டால் கீழே தகடு பாதி போயிருக்கும். அப்புறம் டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள், முன்சீட்டுக் காலடியிலும் தூக்குங்கள்.

ஃபோர்டு மஸ்டாங், அதுவும் 1968 வரை வந்தது என்றால், வைப்பருக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துவாரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய மஸ்டாங்கில் இதைச் செய்யவில்லை. முதல் மழையிலேயே இரண்டு காலும் நனைந்தது, ஹீட்டர் கோளாறு என்று நினைத்து ஹீட்டரை மாற்றினேன், மறுபடி நனைந்தது. கடைசியில் அந்தத் துவாரத்துக்கு அடியில் இருந்த தகடு சல்லடையாக இருந்தது. அதை மாற்ற வெல்டிங்கைப் பிரித்து முன்பக்கத்தையே கழற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று, மஸ்டாங், டாட்ஜ் சேலஞ்சர் போன்றவற்றுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். செவ்ரோலே செவெல், பாண்டியாக் ஜிடிஓ தனிச் சட்டத்தில் உட்காருபவை. முதல் வகையில் அடித்தகடு துருப்பிடித்தால் கார் வலுவையே இழந்துவிடும். கதவைத் திறக்கும்போது அது கீழே தொங்கினால், மூடும்போது தூக்கி மூட வேண்டியிருந்தால், கீல் தேய்மானமாக மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: 1970 செவெல் எஸ்எஸ் 454, "நம்பர்ஸ் மேட்சிங்" என்கிறார். நம்பலாமா சார்?

வாயால் சொன்னதை நம்பாதீர்கள். நம்பர்ஸ் மேட்சிங் என்றால் காரோடு வந்த அதே இன்ஜின் இன்னும் அதில் இருக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ் என்பது செவெலின் வேகமான ரகம், 454 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் அளவு. அந்த வருஷம் எஸ்எஸ் ஒரு கூடுதல் பேக்கேஜ்தான், அதனால் கார் எண்ணான விஐஎன் அது வி8 செவெல் என்று மட்டும் சொல்லும், எஸ்எஸ் என்று சொல்லாது. ஜிடிஓவும் 1964, 65இல் அப்படித்தான், 1966இல் தனி மாடல் ஆன பிறகு எண் 242 என்று தொடங்கும். கிரைஸ்லர்காரர்கள் இந்த விஷயத்தில் தேவலை, அவர்களுடைய 1970, 71 டாட்ஜ், பிளைமவுத்தில் விஐஎன்னின் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் 426 ஹெமி இன்ஜின், வி என்றால் மூன்று கார்புரேட்டர் போட்ட 440.

செவெலுக்கு வருவோம். இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால், ஒரு தட்டையான இடத்தில் கார் எண்ணின் கடைசிப் பகுதி அடித்திருக்கும். அது விஐஎன்னோடு பொருந்த வேண்டும். பொருந்தினாலும் நிறுத்தாதீர்கள். தொழிற்சாலையில் அந்த இடத்தைச் செதுக்கிய நுண்ணிய இணைகோடுகள் தெரிகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடே இல்லாமல் வழவழப்பாக இருந்து எண் மட்டும் பளிச்சென்று இருந்தால், யாரோ மழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம். பிளாக்கில் வார்ப்புத் தேதியும் இருக்கும். கார் பிறந்த பிறகு வார்த்த பிளாக் என்றால் அது அந்தக் காரோடு வந்ததில்லை, அவ்வளவுதான். காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தொழிற்சாலைத் தாள் சில சமயம் பெட்ரோல் டாங்க்கின் மேல் செருகியபடியே இருக்கும், விற்பவரிடம் கேளுங்கள். பாண்டியாக்குக்கும் 1967 முதலான ஃபோர்டுக்கும் பழைய தயாரிப்புப் பதிவுகளிலிருந்து சான்று வாங்க வழி இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் போலி எஸ்எஸ் வாங்கவே கூடாதா?

தாராளமாக வாங்கலாம், போலி என்று தெரிந்து, போலிக்குரிய விலையில். ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை, நானே அப்படி ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: 1972 மாடலில் குதிரைத்திறன் ரொம்பக் கம்மியாகப் போட்டிருக்கிறது, வேண்டாமா?

அந்தக் குறைவில் பாதி, அளக்கும் முறை மாறியதால் வந்தது. முன்பு இன்ஜினைத் தனியாக வைத்து அளந்தார்கள், பிறகு சைலன்சர், ஃபேன் எல்லாம் மாட்டி அளந்தார்கள். 1971இல் ஒரே செவெல் 454 இன்ஜினுக்கு பழைய கணக்கில் 365, புதிய கணக்கில் 285. கம்ப்ரெஷனையும் அப்போது குறைத்தார்கள், அது உண்மையான இழப்பு.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

"நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், தேய்ந்த இன்ஜினின் சத்தமும் நீலப் புகையும் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் பிடிபடும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் இருந்தால், கொஞ்ச தூரமே ஓடி நிற்கும் காரில் வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம், அதனால் டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள், எண் பெரிதா என்பதைவிட எட்டும் அருகருகே இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: பிரேக் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

சொல்கிறேன். 1966 வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் வட்டம், எங்காவது ஒரு குழாய் விட்டால் பெடல் தரை வரை போய்விடும். 1967 முதல் இரண்டாகப் பிரித்தார்கள். பழையதை வாங்கினால் முதல் செலவு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டயரையும் பாருங்கள், அதன் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீடு 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், மேல் பட்டன்கள் தேயாமல் புதிதாக இருந்தாலும் ரப்பர் கிழம்.

கேள்வி: விற்பவர் காரை லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்கிறார். விலை நல்ல விலை.

அதனால்தான் நல்ல விலை தம்பி. வேறு கார் பாருங்கள்.