நாடார் வங்கி ஒரே சாதிக்கான வங்கியா?

கேட்டவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது. "தூத்துக்குடி நாடார் வங்கி அந்தச் சாதிக்காரர்களுக்கு மட்டும்தானே கடன் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாடார் இல்லை. அந்த வங்கியில் எனக்குப் பங்கு கிடையாது, சொந்தக்காரர் யாரும் வேலையிலும் இல்லை.

1920ல் நாடார் மகாஜன சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்து, 1921 மே 11ல் பதிவாகி, அதே வருஷம் நவம்பர் 11ல் தூத்துக்குடியில் திறந்தார்கள். 1937ல் கொழும்பில்கூட ஒரு கிளை போட்டு, இரண்டே வருஷத்தில் மூடினார்கள். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது 1962ல். ஆரம்பித்தவர்கள் ஒரே சமூகம்தான், மறுக்கவில்லை. கடைக்குக் கடை மகமை, அதாவது ஊர்ப் பொதுக் காரியத்துக்கான பங்கு, பிடித்து, அந்தப் பொதுப்பணத்தில் பள்ளிக்கூடம் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் இந்த வங்கி வந்திருக்காது.

எங்கள் தாத்தாவுக்கு முத்தையாபுரம் பக்கம் குத்தகை உப்பளம். எழுபதுகளில் ஒரு வருஷம் கோடைமழை கொட்டி, பாத்தியில் விளைந்தது மொத்தமும் கரைந்துவிட்டது. கடன் இந்த வங்கியில். தவணை கேட்கப் போனவரிடம் மேனேஜர், "நாளைக்கு நானே வந்து பாக்கேன் அண்ணாச்சி" என்றாராம்.

சைக்கிளில் வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது, கூடவே நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். ஓலை போட்டு மூடியிருந்த பழைய உப்புக் குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இது நிக்கும். இதை வித்து வட்டியக் கட்டுங்க, அசலுக்கு அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். வட்டியில் ஒரு பைசா குறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தாத்தா இரண்டு வருஷத்தில் அடைத்தார். அவர் என்ன சாதி என்று அந்த மனுஷருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒரு குடும்பத்துக் கதையை வைத்து நூறு வருஷ வங்கிக்குச் சான்றிதழ் கொடுக்காதே என்று யாராவது வருவார்கள். கொடுக்கவில்லை. எல்லாருக்கும் இப்படி நடந்திருக்கும் என்றும் சொல்லவில்லை. எங்களுக்கு நடந்தது இது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. போன வருஷம் அம்மாவை வேறொரு பெரிய வங்கிக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். முப்பது வருஷக் கணக்கு. கை நடுங்கிப் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிற கிழவியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.