கட்டியக்காரன் பேசலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். இந்த வருடம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து வைத்தோம். நான் விழாக்குழுவில் இருக்கிறேன். ஒரு நாள் ஆட்டத்தில், ராஜசபைக்கு ஏன் தாமதம் என்று துரியோதனன் கேட்க, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன், "புது ரோட்டுல வந்தேங்க மகாராஜா. வரும்போது இருந்துச்சு, திரும்பிப் பாத்தா காணோம்" என்றார். சிரிப்பு அடங்கவே நேரமானது. ரோடு போட்ட கான்ட்ராக்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் மேடையேறி, சாமி காரியத்தில் அரசியல் பேசி அம்மனை அவமதித்துவிட்டான் என்று சத்தம் போட்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், "எதுக்கு வம்பு, மன்னிப்பு கேட்டுட்டு ஆட்டத்தை நடத்துங்க" என்றார். வேஷத்தோடேயே கட்டியக்காரர் மன்னிப்புக் கேட்டார். பேசிய தொகையில் 5,000 ரூபாயைக் குழு பிடித்துக்கொண்டது.

அதே இரவு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் குடித்துவிட்டு மைக்கைப் பிடுங்கி, "காலனிக்காரன் எவனாவது இந்தப் பக்கம் கூத்து பாக்க வந்தா கால் இருக்காது" என்று கத்தினான். அவனையும் இறக்கிவிட்டோம்.

"ரெண்டு பேரையும் நிறுத்திட்டோம், நடுநிலையா நடந்துக்கிட்டோம். பேச்சு சுதந்திரத்துக்கும் ஒரு எல்லை இருக்குதில்ல" என்கிறார் குழுத் தலைவர். எனக்கு அது சரியாகப் படவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. எல்லை என்றால் எல்லோருக்கும் ஒரே எல்லைதானே? அடுத்த வருடமும் அதே கூத்துக் குழுவைக் கூப்பிடலாமா? பெயர் போட வேண்டாம்.

– ஒரு வாசகர், பென்னாகரம் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லை எல்லோருக்கும் ஒன்றுதான். அன்று இரவு அதைத் தாண்டியவன் ஒருவன்தான், அவன் அந்தப் பையன். அவனையும் கட்டியக்காரரையும் ஒரே கணக்கில் எழுதியதில்தான் உங்கள் தலைவருடைய நடுநிலை கெட்டுவிட்டது.

பையன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் யோசிக்க அதிகம் இல்லை. இன்ன மக்கள் இங்கே வந்தால் காலை உடைப்பேன் என்பது மிரட்டல். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த மாதிரி பேச்சுக்கும் சேர்த்துத்தான் வந்தது. குடித்திருந்தான், சின்னப் பையன் என்று சொல்லிவிடலாம். ஆனால் நம் தருமபுரி மாவட்டத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அப்படி ஒரு நாள் வருவதற்கு முன் டீக்கடையிலும் திண்ணையிலும் மேடையிலும் எவ்வளவோ பேசியிருப்பார்கள், யாரோ சிரித்தும் இருப்பார்கள். அவனை இறக்கிவிட்டீர்கள், சரி. அதன் பிறகு காலனியிலிருந்து கூத்துப் பார்க்க வந்தவர்கள் இருந்தார்களா, எழுந்து போனார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டது?

இப்போது கட்டியக்காரர். அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்துவிட்டு, அதன் இரண்டாவது உட்பிரிவில் எந்தெந்தக் காரணங்களுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது என்று மொத்தம் எட்டு. ஒருவருக்குக் கோபம் வந்தது, பத்துப் பேர் முன்னால் வெட்கமாகப் போனது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது. அவதூறு இருக்கிறதே என்பீர்கள். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், பொதுப் பிரச்சினை ஒன்றில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு அவதூறுச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஊர் ரோட்டைவிடப் பொதுவான பிரச்சினை எது? அம்மனை அவமதித்தான் என்பதற்கும் இடமில்லை. மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்துவது தனிக் குற்றம், உண்மை. கான்ட்ராக்டர் இன்னும் மதமாக அறிவிக்கப்படவில்லை.

சாமி காரியத்தில் ஊர்ப் பேச்சு கூடாது என்றவர்கள் கூத்தை எங்கே பார்த்தார்களோ தெரியவில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் ராஜா வேஷம் ஆடிக்கொண்டிருக்க, முன்னால் நின்று "தாங்கள் யாரோ?" என்று கேட்பவன் கட்டியக்காரன். ராஜா பாட்டாகவும் விருத்தமாகவும் பதில் சொல்வார். இவன் அதை நம் ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்வான். கதை அஸ்தினாபுரத்தில் நடந்தாலும் ஊர்க்கவுண்டர் மீசையும் பஸ் வராததும் ரேஷன் கடைப் பருப்பும் அவன் வாயில் வந்துவிடும். ராஜாவையே கிண்டல் செய்வான், ராஜா முறைப்பார், ஆட்டம் தொடரும். இதுதான் அவனுக்கு வேலை. அம்மன் இத்தனை காலமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். துரியோதனனுக்கே இருந்த பொறுமை முன்வரிசைக்கு இல்லை.

எனக்கு அதிகம் உறுத்தியது போலீஸ்காரர் சொன்னது. பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிராக நமக்குள்ள உரிமை. கான்ட்ராக்டர் கோபப்படுவது அவர் இஷ்டம், எழுந்து போகலாம், மறுநாள் மைக் வாங்கிப் பதிலும் சொல்லலாம். ஆனால் காக்கிச்சட்டை போட்டவர் மேடையேறியவர்களை இறக்காமல், பேசியவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னதும் விஷயம் மாறிவிடுகிறது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் அதை மாற்றிப் படத்தை அனுமதித்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கக் கூடாது, எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என்றது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்தில் விழும் பொறி மாதிரி நேரடியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ரோட்டு ஜோக்கில் பொறி எங்கே இருக்கிறது? பையன் பேச்சில் இருந்தது.

இன்னொன்று, விடிய விடிய ஒலிபெருக்கி ஓடியிருக்கும். விதிப்படி இரவு 10 மணிக்கு அது அணைய வேண்டும், விசேஷ அனுமதி வாங்கினாலும் நள்ளிரவு வரைதான். யார் என்ன பேசினாலும் ஒரே மாதிரி பொருந்துகிற எல்லை அது ஒன்றுதான். அதைப் பற்றி அன்று யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

எல்லையை யார் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாப்பாரப்பட்டி உங்களுக்குப் பக்கம்தான். அங்கேதான் 1925இல் சுப்பிரமணிய சிவா இறந்தார். 1908இல் தூத்துக்குடியில் மேடையில் பேசினார் என்பதற்காக ராஜதுரோக வழக்கு. பத்து வருடம் நாடுகடத்தல் என்று தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். ஆட்சி மீது வெறுப்பை உண்டாக்கினார் என்பது குற்றச்சாட்டு. உங்கள் கான்ட்ராக்டர் சொல்வதும் ஏறக்குறைய அதேதான், அவருக்கு ஆட்சி கொஞ்சம் சின்னது.

வெள்ளைக்காரன் அப்படித்தான் என்று விட்டுவிட முடியாது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1938இல் அவர் தலைமையிலான ஆட்சி இந்தி எதிர்ப்பாளர்கள் மீது ஏவியது, காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளையர் வைத்திருந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தைத்தான். பெரியார் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். 1951இல் மத்திய உள்துறை அமைச்சராக அவர் பத்திரிகைகளுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டமும் கொண்டுவந்தார். ராஜாஜியைக் குறை சொல்லச் சொல்லவில்லை, அவர் அறிவிலும் நேர்மையிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கே நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லை வேறு இடத்தில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சட்டம் சொன்ன அந்த எட்டுக் காரணங்களுக்கு மேல் ஒன்பதாவதை யார் சேர்த்தாலும், அது நம் விழாக்குழுவாகவே இருந்தாலும், எனக்குச் சம்மதமில்லை.

கூத்துக் குழுவைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். மேடை உங்களுடையது, யாரைக் கூப்பிடுவது என்பது உங்கள் விருப்பம், வேறு குழுவைக் கூப்பிட்டால் அது உரிமைப் பறிப்பு ஆகாது. ஆனால் வெற்றிலை பாக்கு மாற்றும்போது இதைப் பேசாதே, அதைத் தொடாதே என்று நிபந்தனை போட்டுக் கூப்பிடாதீர்கள். ரோடு விஷயத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையில் நீங்களே எழுந்து கேளுங்கள், எஸ்டிமேட் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் கட்டியக்காரன் தலையில் கட்டக் கூடாது. அதற்கு முன்னால் பிடித்து வைத்த அந்த 5,000 ரூபாயை அவருக்கு அனுப்பிவிடுங்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஒத்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து போட்டாவது அனுப்புங்கள்.