சேலம் என்று சொல்லிவிட்டு வியன்னாவுக்கா?

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 34. ஏப்ரலில் வியன்னாவில் நடக்கும் ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாட்டில் என் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைக்கத் தேர்வாகியிருக்கிறேன். முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தனியாக. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குவேன். விசா, செலவு, சாப்பாடு பற்றிச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க சிம் கார்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா? அம்மாவும் நானும்தான் வீட்டில். அவருக்கு 68 வயது, பிரஷர் உண்டு. பயந்துவிடுவார் என்று சேலத்தில் விடைத்தாள் திருத்தும் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.
- ஒரு வாசகி

பதில்: கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

பயந்துவிடுவார் என்று பெற்றவர்களிடம் மறைக்கிற பிள்ளைகள் எனக்கு நிறையவே எழுதுகிறார்கள். அம்மாவின் பிரஷருக்காக மறைப்பதாகச் சொல்கிறீர்கள். நான் நம்பவில்லை. "யார் கூட வர்றா, எங்க தங்குவ, ஏன் உன்னை மட்டும் அனுப்புறாங்க" என்று அவர் கேட்கப் போகும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல உங்களுக்குப் பொறுமை இல்லை.

இந்தப் பொய் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தீர்களா? விசாவுக்குக் கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். அந்த நாளுக்கு இன்னொரு பொய் வேண்டும். அப்புறம், அங்கே போய் சிம்மை மாற்றிவிட்டால் அம்மா கூப்பிடும்போது "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்றுதான் கேட்கும். சேலத்தில் இருக்கிற மகளுக்கு ஏன் ஒரு வாரமாக டவர் கிடைக்கவில்லை? பதறிப் போய்க் கல்லூரிக்குப் போன் போடுவார். "மேடம் ஃபாரின் போயிருக்காங்களே" என்று வாட்ச்மேன் சொல்லிவிடுவார். பிரஷர் இருக்கிற அம்மாவுக்கு விஷயம் தெரியவேண்டிய விதம் அதுதானா? சரி, அவரே வீட்டில் தலைசுற்றி விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? சேலத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவீர்கள் என்று நம்பிக் காத்திருப்பார்கள்.

உங்கள் பக்கமும் பாருங்கள். இந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். நோயாளியையோ உடலையோ சொந்த ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடக்கம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்? நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றே தெரியாத அம்மாவின் பெயரையா?

பெற்ற தாய்க்கு மகள் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். 34 வயதானாலும் அது மாறாது. தவிர, அது அவருக்கும் பெருமை. தெருவில் நாலு பேரிடம் "என் பொண்ணு வியன்னா போறா" என்று சொல்ல இருந்த வாய்ப்பையும் பறித்துவிட்டீர்கள்.

மற்றதைச் சொல்கிறேன். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள். அழைப்புக் கடிதம், கல்லூரியின் தடையில்லாச் சான்று, தங்கும் இடத்தின் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் எண்ணில் ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். அங்கே வாங்கும் சிம் இரண்டாவதாக இருக்கட்டும்.

விமான நிலையத்திலிருந்து வியன்னாவின் தலைமை ரயில் நிலையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். அங்கிருந்து யூ1 மெட்ரோ, இடையில் மாறாமல், மாநாடு நடக்கும் ஆஸ்திரியா சென்டர் பக்கம் கைசர்ம்யூலன் நிலையத்தில் இறக்கிவிடும். மெட்ரோ நிலையத்தில் நம் ஊர் மாதிரி டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் கதவு கிடையாது. அதனால் டிக்கெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் கடுமையாக இருக்கும். முத்திரை குத்த வேண்டிய டிக்கெட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே குத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், ரொட்டியும் பழமும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். மலை ஊற்றுத் தண்ணீர் 1873 முதல் அந்த ஊருக்குக் குழாயில் வருகிறது, அப்படியே குடிக்கலாம். லேப்டாப்பின் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். ஏப்ரலிலும் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடி போதும். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை, பச்சை இலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பொடியை அம்மாவையே வறுத்து இடிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பாஸ்போர்ட் எண், ஹோட்டல் முகவரி, காப்பீட்டு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிக் காட்டுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு நகல் கொடுங்கள். அங்கே மணி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். தினமும் இரவு எட்டரைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லுங்கள். அப்போது அங்கே மாலை ஐந்து. போஸ்டர் முன்னால் யார் நின்றுகொண்டிருந்தாலும் சரி, அந்த நேரத்துக்குப் போன் செய்யுங்கள்.