ஆறு ஆண்டு மாணவர்களுக்கும் ஒரே பேச்சா?

வணக்கம் ஐயா. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான 60 மாணவர்களையும் ஒன்றாக அமர்த்தி ஒரு மணி நேரம் பேச, எழுத்தாளரான உங்களை அழைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். 7 வயதுப் பிள்ளைக்கும் 12 வயதுப் பிள்ளைக்கும் ஒரே பேச்சு பொருந்தாது என்பதால், முதல் மூன்று ஆண்டினருக்கு அரை மணி நேரம், மற்றவர்களுக்கு அரை மணி நேரம் எனப் பிரித்துத் தருமாறு தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சிறியவர்களுக்குக் கதையை வாசித்து, பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களையே சொல்ல விடுங்கள். பெரியவர்களுக்கோ, நீங்கள் அடித்துத் திருத்திய கையெழுத்துப் படியைக் காட்டுங்கள். கட்டுரைக்குச் சிவப்பு மை வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு, எழுத்தாளரும் திருத்தித்தான் எழுதுகிறார் என்பதே பெரிய செய்தி. நூல் விற்பனையை அன்று தவிர்த்து, பள்ளி வள மையத்திற்கு (நூலகத்திற்கு) உங்கள் நூலின் இரண்டு படிகள் கொடுத்தால், பிள்ளைகள் படித்து, மலேசியப் பள்ளிகளின் வாசிப்புத் திட்டமான நிலாம் (NILAM) பதிவிலும் சேர்த்துக்கொள்வார்கள்.