புது லேப்டாப்பில் சிவப்பு எச்சரிக்கை: கேளுங்கள், சொல்கிறேன்

தாம்பரம், கல்லூரி மாணவி: அண்ணா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். எந்த சைட்டைத் திறந்தாலும் 'கனெக்‌ஷன் பிரைவேட் இல்லை' என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லைம்மா. முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பார். ஆண்டு தப்பாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஒவ்வொரு சைட்டும் தான் அசல்தான் என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதற்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு, பிரவுசர் அதை உன் லேப்டாப் கடிகாரத்தோடுதான் ஒப்பிடும். எச்சரிக்கைக்குக் கீழே பொடி எழுத்தில் 'சர்ட் டேட் இன்வேலிட்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். செட்டிங்ஸில் நேரத்தைத் தானாக அமைக்கச் சொல்லி, டைம் ஜோனில் சென்னை, கொல்கத்தா, மும்பை என்று வரும் வரியைத் தேர்ந்தெடு. அணைத்துப் போட்டதும் தேதி மறுபடி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், வாங்கின கடையிலேயே மாற்றச் சொல். 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாளாக ஆன ஒரு சான்றிதழின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து, 2029இல் 47 நாளாகப்போகிறது. இனிமேல் கடிகாரம் கொஞ்சம் பிசகினாலே இந்தத் தொல்லைதான்.

பெரம்பூர், ஓய்வுபெற்றவர்: திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், கூப்பிடச் சொல்லி ஒரு எண். மூடவே முடியவில்லை தம்பி.

அந்த எண்ணுக்குத் தயவுசெய்து போன் பண்ணாதீர்கள் சார். குரோமோ எட்ஜோ தரும் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது, கத்தவும் கத்தாது. நீங்கள் பார்ப்பது வெறும் ஒரு வெப்சைட் பக்கம், வைரஸ் பிடித்துவிட்டது என்று பயமுறுத்திக் காசு பறிக்கிற வேலை. எஸ்கேப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். அப்படியும் நகரவில்லையா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே பேசிப் பணமும் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வேளச்சேரி: வீட்டில் எல்லாம் சரி, காபி ஷாப் வைஃபையில் மட்டும் எச்சரிக்கை வருகிறதே?

லாகின் பக்கத்தைக் காட்டுவதற்காக அந்த வைஃபை நடுவில் குறுக்கிடுகிறது. முதலில் லாகின் செய்யுங்கள், ஓடிபி கொடுங்கள். அதற்கப்புறமும் வந்தால் அங்கே பேங்க் வேலை வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட் போதும்.

அம்பத்தூர்: போனில் ஒழுங்காக வருகிற சைட், அதே வைஃபையில் புது லேப்டாப்பில் மட்டும் 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்கிறது. கடிகாரம் சரி.

சான்றிதழ் கொடுத்தவரை நம்ப முடியவில்லை என்று அர்த்தம். கூடவே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸைச் சந்தேகப்படுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் பாதுகாப்பான இணைப்பையும் பிரித்துப் பார்ப்பதற்காக நடுவில் தங்கள் சான்றிதழைச் செருகும், அது சரியாகப் பதிவாகாவிட்டால் இதுதான் நடக்கும். அதை நீக்கிவிடலாம், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்று ஒரு விளம்பர மென்பொருள் கூடவே வந்து, இதே மாதிரி சான்றிதழ் செருகியது 2015இல் பெரிய சர்ச்சையானது.

அடையாறு: 'பரவாயில்லை, தொடரவும்' அழுத்தலாமா?

உங்கள் வீட்டு ரவுட்டரின் 192.168.1.1 மாதிரியான செட்டிங்ஸ் பக்கத்துக்கு அழுத்தலாம். பேங்க், மெயில், ஷாப்பிங் என்றால் கூடவே கூடாது.